சலவைச் சோடா

அந்தப் பட்டாசுக் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டியடியில் யாரும் யாருடைய கையையும் பார்ப்பதில்லை. வாசல் சுவரில் சிவப்பு மையில் எழுதியிருந்த விதிகள் வேறு: நைலான் சேலை கூடாது, செல்போன் கூடாது, ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. அவற்றையெல்லாம் ஆளுக்கொரு நாள் மீறத்தான் செய்தார்கள். எழுதப்படாத இந்த ஒன்றை மட்டும் ஒருத்தியும் மீறியதில்லை. சாயங்காலம் நாலரை மணிக்குத் தொட்டியைச் சுற்றி முப்பது பெண்கள் குனிந்து நின்று கை கழுவுவார்கள். ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள். கண்கள் மட்டும் அவரவர் கையைத் தாண்டாது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி கையில் புண் என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால், அது போர்மேன் சங்கரபாண்டியன் காதுக்குப் போகும். அவர் திட்டமாட்டார். "ஒடம்பப் பாத்துக்கிட்டு வாம்மா" என்று தன்மையாகத்தான் சொல்லுவார். மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள்; சீசன் முடிகிறவரை வேன் அவள் வீட்டு முன்னால் நிற்காது. ஆகையால் பார்க்காமலிருப்பது அங்கே ஒருவகைத் தயவு. அந்தத் தயவுக்கு இன்னொரு முகம் உண்டு என்பதை வெள்ளைத்தாய் அந்த வருஷம், 2007 சித்திரையில்தான் கண்டாள்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமம் அவளுடையது. வயது நாற்பத்திரண்டு. புருஷன் இறந்து ஆறு வருஷம். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. கம்பெனியில் புஸ்வாணக் கூடுகளில் வெடிமருந்து அடைப்பது அவள் வேலை. மருந்தில் கலந்த அலுமினியத் தூள் முழங்கைவரை வெள்ளி முலாம் பூசிவிடும். குளியல் சோப்புக்கு அது எளிதில் அசையாது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் சேலையை ஒதுக்கிக்கொள்வார்கள். அதற்காகத் தொட்டியின் விளிம்பில் ஒரு தகர டப்பா இருந்தது. அதில் சலவைச் சோடா. ஒரு கை அள்ளித் தேய்த்தால் வெள்ளி மொத்தமும் சாம்பல் நுரையாய் ஓடிவிடும். அது கண்ணுக்குத் தெரிகிற அற்புதம். கூடவே தோலின் எண்ணெய்ப் பசையும் ஓடிவிடுவது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

முதலில் மணிக்கட்டு சிவந்தது. பிறகு விரல்முட்டிகள் வெடித்தன; சிறுசிறு கொப்புளங்கள் உடைந்து நீர் வடிந்தது. தூள் தங்கித்தான் அரிக்கிறது என்று நினைத்து, அவள் இரண்டு கை சோடா அள்ளினாள்.

மத்தியானச் சோறு வேலியோரத்து வேப்பமரத்தடியில். ஐந்து பெண்கள் வட்டமாய் உட்காருவார்கள். குழம்புத் தூக்குகள் நடுவில் இருக்கும். யார் தூக்கில் யார் கை நுழைகிறது என்ற கணக்கே கிடையாது. ஒரு நாள் வெள்ளைத்தாய் கருவாட்டுக் குழம்பைத் திறந்து கருப்பம்மாள் பக்கம் நகர்த்தினாள். இருவருக்கும் ஒரே தெரு, வேனில் ஒரே சீட்டு.

"இன்னிக்கு வேண்டாம் மதினி. வயிறு ஒரு மாதிரி இருக்கு."

"கருவாடு வயித்த என்ன செய்யும்? ஒரு வாய் தின்னு."

"இல்ல மதினி, நீங்க சாப்பிடுங்க."

மறுநாள் இன்னொருத்திக்கு வயிறு கெட்டது. ஒரே வாரத்தில் நாலு பேருக்கும் வயிறு கெட்டது. ஆனால் அவரவர் சோற்றை நாலு பேரும் மிச்சமில்லாமல் சாப்பிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை வெள்ளைத்தாய் மரத்தடிக்கு வந்தபோது, ஐந்து பேர் வட்டம் நாலு பேர் வட்டமாகக் குறுகி நெருங்கியிருந்தது. அவள் அங்கே ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு, ஏதோ நினைவு வந்தவளைப்போல, கேட் பக்கத்துப் புங்கமரத்தை நோக்கி நடந்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து வேனில் அவள் பக்கத்து இடம் சாப்பாட்டுப் பைகளை வைக்கும் இடமாயிற்று. வீட்டிலோ பேச ஆளில்லை. ஆனால் அடுப்படியில் கை பழைய கணக்கிலேயே ஓடியது; ஐந்து பேருக்குக் காணும்படியே குழம்பு வைத்தாள். மிச்சத்தைச் சாயங்காலம் தெரு நாய்க்கு ஊற்றினாள். அது வயிற்றைப்பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஆனி மாதம் இடிமழைக்குப் பயந்து கம்பெனியை மத்தியானமே விட்ட ஒரு நாள், அவள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். நர்ஸ் தேவமணி அவளை பெஞ்சில் உட்காரவைத்து, இரண்டு கைகளையும் தன் கைகளில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வீட்டுல வேற யாருக்கும் அரிப்பு இருக்கா?"

"வீட்டுல வேற யாரு இருக்கா சிஸ்டர்?"

தேவமணி ஒருகணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

"கையில என்ன போட்டுத் தேய்க்கீங்க?"

வெள்ளைத்தாய் சொன்னாள்.

"சட்டி வெளக்குறதையா தோல்ல போட்டீங்க! இது சொறி சிரங்கு இல்லம்மா, யாருக்கும் தொத்தாது. தூளும் சோடாவும் சேந்து தோல அரிச்சிருக்கு. நல்லாக் கேட்டுக்கங்க. தூள் காயவிடாம, டீக்கு விடும்போதும் சோத்துக்கு விடும்போதும் நெறைய தண்ணி ஊத்திக் கழுவுங்க. குளிக்கிற சோப்புப் போதும். தேய்க்காம ஒத்தித் தொடைங்க, விரல் இடுக்குலயும். வேலை முடிஞ்சு கழுவுன ஈரத்தோட தேங்காயெண்ணெ தடவுங்க. மேல போடுற சட்டையத் தெனம் தோய்க்கணும். கைப்பட்டிக்குள்ளதான் தூளு தங்கும்."

"கொஞ்சம் வெள்ளி ஒட்டிக்கிட்டே இருக்குமே சிஸ்டர்?"

"இருந்துட்டுப் போகுது. புண்ணுக்கு அது தேவலாம்."

பேசி முடிக்கும்வரை நர்ஸ் கையை விடவில்லை. மூன்று மாதத்தில் அவள் கையை இன்னொரு கை தொட்டது அதுதான் முதல் தடவை. தொத்தாது என்ற சொல்லைக்கூட அவள் பிறகுதான் யோசித்தாள். அந்தச் சூடு உள்ளங்கையில் வீடு வரை கூடவே வந்தது.

ஆடி முடிவதற்குள் தோல் ஆறிவிட்டது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? தொத்தாது என்று சொல்ல வேண்டுமானால் இருந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். யாரும் பார்க்காத புண்ணை யாருக்கு ஆறியதாகக் காட்டுவது? வேனில் ஒரு நாள் "கருப்பம்மா..." என்று தொடங்கினாள். கருப்பம்மாள் சன்னல் வழியே வெற்றுக்காட்டைப் பார்த்தபடி, "இந்த வருசமும் மழ ஏமாத்திருச்சு மதினி" என்றாள்.

ஆவணியில் ஆர்டர் குவிந்தது. ஒரு மத்தியானம் புங்கமரத்தடியிலிருந்து பார்த்த வெள்ளைத்தாய்க்கு, வட்டத்தில் ஏதோ மின்னியது தெரிந்தது. கருப்பம்மாள் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி, கலெக்டரம்மா கணக்கா கரண்டியெல்லாம்?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கருப்பம்மாளும் சிரித்தாள், அவள் சிரிப்பு மட்டும் கொஞ்சம் பிந்தி முடிந்தது.

அடுத்த வாரம் மறுபடியும் வயிறுகள் கெட்டன. கருப்பம்மாள் தூக்கை எடுத்துக்கொண்டு தொட்டிச் சுவரின் நிழலுக்குப் போனாள். புங்கமரத்துக்கும் சுவருக்கும் முப்பது எட்டுத் தூரம்தான். அன்று வெள்ளைத்தாய் நன்றாகச் சாப்பிட்டாள், அதை மறைப்பதற்கில்லை. நாய்க்கு ஊற்றியதுகூடக் குறைவுதான். இரண்டாம் நாள் சோறு அவ்வளவாக இறங்கவில்லை. கருப்பம்மாள் தூக்குக்குள் தலையைக் கவிழ்த்தபடி, முதுகை வெளியே காட்டி உட்கார்ந்திருந்தாள். நாலு மாதமாகத் தானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று அந்த முதுகைப் பார்த்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அன்று நாலரை மணி. தொட்டியடியில் வழக்கமான கூட்டம். வேனுக்கு ஆள் சேர்க்க சங்கரபாண்டியன் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். தீபாவளிக்கு இரண்டு மாதம்தான். இப்போது ஆள்கணக்கிலிருந்து விழுகிற பெயர் அடுத்த சீசன் வரை திரும்ப ஏறாது. கருப்பம்மாள் டப்பாவிலிருந்து சோடாவை இரண்டு கையாலும் அள்ளினாள். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். பக்கத்தில் நின்றவர்கள் பால்மாட்டு விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் எதிரே நின்றாள்.

"கருப்பம்மா, கையக் காட்டு."

தொட்டியடியில் பேச்சு அறுந்தது.

"சும்மா இருங்க மதினி," கருப்பம்மாளின் குரல் உள்ளேயே போயிற்று. "அண்ணாச்சி நிக்காக."

"நிக்கட்டும். காட்டு."

கருப்பம்மாள் கைகளை முந்தானைக்குள் இழுத்தாள். வெள்ளைத்தாய் அந்த மணிக்கட்டுகளைப் பிடித்து வெளியே கொண்டுவந்தாள். வெடித்துச் சிவந்த விரல்களின்மேல் செம்புச் செம்பாகத் தண்ணீரை ஊற்றினாள். சோடாப் பசை கரைந்து ஓடியது. பிறகு தன் கைகளை, நகக்கண்ணில் இன்னும் வெள்ளி மினுங்கும் கைகளை, முப்பது பேரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. ஒங்க எல்லாருக்கும் தெரியும். இது யாருக்கும் தொத்தாது. எல்லாம் இந்த டப்பா பண்ணுற வேல."

"அங்கன என்னம்மா கூட்டம்?" என்றார் சங்கரபாண்டியன்.

வெள்ளைத்தாய் திரும்பினாள். கருப்பம்மாளின் கையை மறுபடி பற்றிக்கொண்டாள்.

"கையப் பாத்துக்கிட்டு இருக்கோம் அண்ணாச்சி," என்றாள், கேட் வரைக்கும் கேட்கிற குரலில்.