எட்டுக்கால் பிளக்

எங்க வீட்டுக்காரர் மைக்கேல்ராஜ் சொந்தப் பல்லையே நம்பாத ஆளு. ஓசூர்ல ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தார். ரேடியோவுக்குள்ள போடற டிரான்சிஸ்டர் பெங்களூர்ல இருந்து வந்துச்சுன்னா ஒவ்வொன்னையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பார். "செல்வி, பழைய நம்பரைச் சுரண்டிட்டுப் புதுசு எழுதியிருக்கான் பாரு"ம்பார். பத்துக்கு ரெண்டு நெசமாவே அப்படித்தான் இருக்கும், அதுதான் வம்பு. அந்த ரெண்டை வச்சு மீதி எட்டையும் சேர்த்துத் திட்டுவார்.

அறுபத்தெட்டாம் வருசம் இவரும் கூட்டாளி திம்மராயனும் ஒரு வாத்தியம் செஞ்சாங்க. தந்தி கிடையாது, துருத்தி கிடையாது, பேட்டரியிலயே பாடும். மூனு பெட்டி. ஒன்னுல பேட்டரி, ஒன்னு சத்தத்தைக் கிளப்பும், இன்னொன்னு அதை நடுங்க வைக்கும். குந்தாரப்பள்ளிச் சந்தையில போட்டுக் காட்டினப்ப மாடுங்க கயிறை அறுத்துக்கிட்டு ஓடிச்சு. பேய் சீனுக்கு இப்படி ஒன்னுதான் வேணும்னு பெங்களூர் நாடகக் கம்பெனி ஒன்னு சொல்லியனுப்பிச்சு. பிடிச்சுப் போச்சுன்னா ரெண்டு பேருக்கும் அங்கயே வேலை. திம்மராயனுக்கு அப்பத்தான் கல்யாணம் ஆகியிருந்துச்சு. எந்நேரமும் அந்த வேலை நினைப்பாவே இருந்தான்.

பெட்டிங்களை இணைக்க எந்தப் பிளக் போடறதுன்னு ரெண்டு பேருக்கும் தகராறு. ஒத்தைக்கால் பிளக்கு சொருகறப்பவே ஷார்ட் ஆவுது. ரெட்டைக்கால் பிளக்கை யாராவது தலைமாத்திச் சொருகிடுவாங்கன்னு இவருக்குப் பயம். திம்மராயன்தான் வழி கண்டான். பழைய ரேடியோவுல கண்ணாடி பல்பு மாதிரி வால்வு இருக்குமே, செத்துப்போன ஒன்னோட அடிப்பாகத்தைக் கழட்டி அதையே பிளக்கா ஆக்கினான். சுத்தி எட்டுக் கால், நடுவுல ஒரு குச்சி, அதுல சின்னதா ஒரு மேடு. மேடு பள்ளத்துல சரியா உட்கார்ந்தாத்தான் உள்ள போவும். "கண்ணை மூடிட்டுச் சொருகுங்கண்ணா, தப்பே வராது"ன்னான்.

அவனுக்குக் கன்னடமும் தெலுங்கும் தண்ணி பட்ட பாடு. இவருக்குத் தமிழை விட்டா வேற தெரியாது. சாமான் கடையில அவன் கன்னடத்துல பேசிச் சிரிச்சா இவருக்கு வயிறு எரியும். "என்னை வச்சுத்தான் சிரிக்கிறான்"ம்பார். பனைமரத்தடியில பாலைக் குடிச்சாலும் கள்ளுன்னுதானே சொல்லுவாங்க. நம்மாளு பனைமரத்தையும் தானே நட்டு வைப்பார்.

கம்பெனிக்காரங்க வரச் சொன்ன நேரம் பார்த்துக் கோயில் மைக் செட் வேலை இவரைப் பிடிச்சுக்கிச்சு. "நீ பெட்டியோட முன்னாடி போ. நான் நாளைக்கு வர்றேன். நான் வர்ற வரைக்கும் எதையும் சொருகாதே"ன்னு திம்மராயன்கிட்ட சொன்னார். சிரிச்ச முகமா பஸ் ஏத்தி விட்டார்.

பஸ் போனப்புறம் எங்கிட்ட பெருமையா சொல்றார். பேட்டரிப் பெட்டிக்குள்ள பிளஸ் கம்பியையும் மைனஸ் கம்பியையும் இடம் மாத்தி ஈயம் வச்சு ஒட்டிட்டாராம். அதை நேராக்குற வயர் ஒன்னு தனியா செஞ்சு தன் பையில போட்டுக்கிட்டாராம். "யோக்கியனா இருந்தா எனக்காகக் காத்திருப்பான். என்னை விட்டுட்டு வாசிச்சுக் காட்டினான்னா அத்தனை டிரான்சிஸ்டரும் எரிஞ்சு போவும்."

"பாவி மனுஷா, அந்தப் புள்ள பொழப்பே அதுலதான இருக்குது? ஒரு தந்தியாவது குடுங்க"ன்னேன். "யோக்கியனுக்கு என்ன பயம்?"னுட்டுக் கோயிலுக்குப் போயிட்டார். அன்னைக்கு முழுக்க ஒரு வேலையும் ஓடல. ஒருவேளை இவர் சொல்றதுதான் நெசமோன்னு எனக்கும் ஒரு நிமிசம் தோணுச்சு. சந்தேகம் சொறி மாதிரி, பக்கத்துல படுத்தவங்களுக்கும் ஒட்டிக்கும்.

மறுநாள் காலையில இவர் கிளம்பறதுக்குள்ள அவனே கடைக்கு வந்து நின்னான். மூனு பெட்டியும் கையில இருந்துச்சு. முகத்துல ரத்தமே இல்ல.

"மன்னிச்சிருங்கண்ணா. கம்பெனி மொதலாளி மைசூர் கிளம்பறாரு, இப்ப கேட்டாத்தான் உண்டுன்னாங்க. இது எங்க அண்ணன் செஞ்சது, மொதல்ல அவருக்கு வேலை குடுங்க, நான் தூக்கிட்டு வந்தவன்தான்னு சொல்லிட்டுச் சொருகினேன். புகைஞ்சு போச்சு. சிரிச்சு அனுப்பிட்டாங்க. நான்தான் எங்கயோ தப்பா சொருகிட்டேன்."

அந்தப் பிளக்கைத் தப்பா சொருகவே முடியாது. அதைச் செஞ்சவனே மறந்துட்டு அழுவறான். இப்பவாவது இவர் வாயைத் திறப்பார்னு பார்த்தேன். திறந்தார். "அதைக் கன்னடத்துலதானே சொன்ன?"ன்னு கேட்டார்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "நீ ஒன்னும் தப்பா சொருகலப்பா. உன்னை நம்பாம இவர்தான் உள்ள கம்பியை மாத்தி வச்சார்"னு போட்டு உடைச்சுட்டேன்.

திம்மராயன் மூனு பெட்டியையும் கீழ வச்சான். "சந்தேகம்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா. பெட்டியை இங்கயே வச்சுட்டு வெறுங்கையோட போயிருப்பேனே"ன்னான். செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கிட்டான். தெருமுனை வரைக்கும் பின்னாடியே போய்க் கூப்பிட்டேன், திரும்பல.

கடைக்கு வந்து பார்த்தா, இவர் மூனு பெட்டியையும் பிரிச்சுப் போட்டு, எதையாவது உருவிட்டானான்னு எண்ணிக்கிட்டு இருக்கார்.

"நல்லா எண்ணுங்க"ன்னேன். "சாமான் எல்லாம் இருக்கும். ஆளுதான் போயிட்டான்."