அவளுடைய கை

இன்றைக்கு மேற்குச் சுவரைக் கேட்பார்கள், கேட்கட்டும் என்று நினைத்தபடியே அவள் ஆறு கோப்பைகளில் தேநீர் ஊற்றினாள். மாடிப்படி ஏற்கெனவே கடல் தாண்டிப் போயிருந்தது.

வெளிநாட்டுக் கடற்கரை ஒன்றில் சரிந்துகொண்டிருந்த நானூறு வருடத்து மணிக்கூண்டைக் காப்பாற்றும் தொண்டர் சங்கம் அவளுடைய கூடத்தில்தான் தொடங்கியது. அவள் கணவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். மணிக்கூண்டை நாட்காட்டிப் படத்தில் மட்டுமே பார்த்தவர். பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும், அவரையும் சேர்த்து ஆறு பேர்தான் இருந்தார்கள். உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளை ஏழாவதாக எழுதிவிட்டு, "உன்னைத் தனியா வேற கேக்கணுமா?" என்றார். எந்தத் தீர்மானத்துக்கும் ஏழு கைகள் உயர வேண்டும் என்பது விதி. ஆறு பேரும் வலது கையைத் தூக்கியதும் அவர் இடது கையையும் தூக்கி, "இது அவளோடது" என்பார். அவள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

மணிக்கூண்டைத் தாங்கி நிற்போம் என்று முதல் தீர்மானம் நிறைவேறிய மறுநாள் காலையில் கூடத்து ஜன்னலைக் காணோம். மூன்று வாரம் கழித்து அங்கிருந்து புகைப்படம் வந்தது. கூண்டின் இரண்டாம் அடுக்கில் அதே ஜன்னல், கம்பியில் அவள் கட்டிவைத்த கொடிக்கயிறு சகிதம்.

"அந்தக் காலத்து ஆளுங்க வேலையே வேலைதான்" என்றார் ஆறு பேரில் ஒருவரான பல் மருத்துவர்.

"அந்தப் பச்சை பெயிண்ட் போன வருஷம் நான் அடிச்சது, தம்பி."

"உங்க ஜன்னலே வெளிநாடு பாத்துடுச்சு, அண்ணி. நீங்கதான் இன்னும் பாக்கல!"

எல்லோரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். அவள் காலிக் கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டாம் வருடம் கதவுகள் போயின. நான்காம் வருடம் சமையலறைக் கூரை, குடைபிடித்துச் சமைத்தாள். ஐந்தாம் வருடம் மாடிப்படிகளும் கூடத்தின் மூன்று சுவர்களும். மற்ற ஐவர் வீட்டிலும் ஒரு ஓடுகூட அசையவில்லை. பாராட்டுக் கடிதம் கணவர் பெயருக்கு வந்தது, அதை மாட்ட மேற்குச் சுவர் மட்டுமே மிஞ்சியிருந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் அவளுடைய தையல் மிஷின். ஆறு வருடமாக அந்த வீட்டில் உலை கொதித்தது அதனால்தான்.

அன்று மேற்குச் சுவருக்கான தீர்மானம் வாசிக்கப்பட்டது. ஆறு கைகள் உயர்ந்தன. கணவரின் இடது தோள் ஒரு வாரமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. முக்கிப் பார்த்தார், முழங்கைக்கு மேல் எழும்பவில்லை. முதன்முறையாக எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நீயே தூக்கிடும்மா. ஒரே நிமிஷம். இல்லன்னா கூண்டு விழுந்துடும்" என்றார் கணவர்.

ஆறு வருடக் கோபத்தில் கத்திவிடுவோம் என்றுதான் அவள் பயந்திருந்தாள். ஆனால் குரல் உயரவே இல்லை.

"மாட்டேங்க" என்றாள்.

தேநீர்த் தட்டை வைத்துவிட்டு மிஷின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோத்தாள். அதே நேரத்தில் கடலுக்கு அப்பால் கூண்டு ஒரு விரல்கடை சாய்ந்ததாகப் பிறகு கடிதம் வந்தது. கூடத்தில் ஆறு கைகளும் உயர்ந்தபடியே இருந்தன. அவளுடைய இரண்டு கைகளும் துணியின் மேல் இருந்தன.