கடற்கரை வீட்டில் இரண்டு காலி அறைகள்

எங்கள் நீஷ் நகரத்தில் பில்லைக் கட்டுவதற்கு நடக்கும் சண்டை வேறு எதற்கும் நடக்காது. சொத்துத் தகராறில்கூட யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்துவிடுவார். காபிக்கடை பில்லில் விட்டுக்கொடுத்தால் மானம் போய்விடும். மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஒலிவெரா அப்படியொரு சண்டையில் ஜெயித்தாள். ஜெயித்ததுதான் அவள் செய்த தப்பு.

அன்றைக்குக் கட்ட வேண்டியிருந்தது காபிக்கு மட்டுமல்ல. மூன்று தோழிகள், மூன்று குடும்பங்கள், ஆகஸ்டில் பத்து நாளைக்குக் கிரேக்கக் கடற்கரையில் ஒரு வீடு. முழுத் தொகையையும் அன்றே அனுப்பினால் ஆயிரத்தைந்நூறு யூரோவுக்குத் தருவதாக வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். பில்யானா வங்கி அட்டையை எடுத்தாள். யத்ராங்கா கைப்பைக்குள் வெகுநேரம் எதையோ துழாவினாள். ஒலிவெரா இருவர் கையையும் தட்டிவிட்டு, "நான் இருக்கும்போது நீங்க யாருடி கட்டுறதுக்கு?" என்று தன் போனிலிருந்தே பணத்தை அனுப்பிவிட்டாள். அவரவர் பங்கை எப்போது கொடுப்பது என்று யாரும் பேசவில்லை. அதைப் பேசுவது எங்கள் ஊரில் அநாகரிகம்.

அது சும்மா கிடந்த பணமில்லை. பதினாறு வருஷம் அடுத்தவர் சலூனில் கால் வீங்க நின்று, ஊர்ப் பெண்களுக்கு முடி வெட்டிச் சேர்த்தது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை காலியாகப்போகிறது, அதற்கு முன்பணம் ஆயிரம் யூரோ. ஜூலை பத்தாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் கடையைப் போன் ரிப்பேர் பார்ப்பவனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கட்டடக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். தோழிகளின் பங்கு வந்தால் சரியாக ஆயிரம். சொந்தக் கடை கைக்கு வந்துவிட்டதாகவே ஒலிவெரா நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் பிறந்ததும் யத்ராங்கா கழன்றுகொண்டாள். துருக்கியில் மூன்று வேளைச் சாப்பாட்டோடு மலிவாக ஒரு ஹோட்டல் கிடைத்துவிட்டதாம். போகட்டும், பங்கையாவது கொடு என்று ஒலிவெரா மெல்லக் கேட்டாள்.

"நீதானே அடம்பிடிச்சுக் கட்டின?" என்றாள் யத்ராங்கா. "அடம்பிடிச்சுக் கட்டினா அது விருந்துடி. விருந்துக்கு யாராவது காசு கேப்பாங்களா?"

கழுவுற மீனில் நழுவுற மீன் அவள். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான்.

அடுத்த வாரம் பில்யானாவும் விலகினாள். இந்த வருஷம் தோதுப்படவில்லை என்று ஒரே வரி. காரணம் சொல்லவில்லை. இது ஒலிவெராவுக்கு எங்கேயோ குத்தியது. ஏனென்றால் பில்யானா வெறும் தோழியல்ல, அவளுடைய குமா. ஒலிவெராவின் மகளை ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தி நின்றவள். குமா என்றால் எங்களுக்குக் கூடப்பிறந்தவளைவிட ஒரு படி மேல். அக்காள் தங்கை சண்டை போட்டால் ஊர் வேடிக்கை பார்க்கும். குமாக்கள் சண்டை போட்டால் ஊர் சிலுவைக்குறி போட்டுக்கொள்ளும். குமாவிடம் கடனைத் திருப்பிக் கேட்பதோ, யாரும் செய்யாத காரியம்.

கிரேக்கத்து வீட்டுக்காரி பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றாள். வேறு ஆட்கள் வருவதானால் வரட்டும், ஜூலை பதினைந்துக்குள் பெயரை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்றாள். சலூனுக்கு வந்த தலை ஒவ்வொன்றையும் ஒலிவெரா கேட்டுப் பார்த்தாள். சாயம் பூசிய தலைகள் எல்லாம் இல்லையென்று ஆடின, அவ்வளவுதான். ஜூலை மூன்றாம் தேதி கட்டடக்காரர் மறுபடி போன் செய்தார். அந்தக் கோபத்தில், போனில் மூவரும் பேசிக்கொள்ளும் குழுவில், தலைக்கு ஐந்நூறு, வியாழனுக்குள் இந்தக் கணக்கில் போடவும் என்று வங்கிக் கணக்கு எண்ணோடு எழுதி அனுப்பிவிட்டாள். யத்ராங்காவுக்கு எய்த அம்பு அது. குழுவில் பில்யானாவும் இருக்கிறாள் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. யத்ராங்கா பதிலே போடவில்லை. பில்யானா ஒரு வார்த்தை சொல்லாமல் குழுவை விட்டு வெளியேறினாள்.

கணவன் தேயான் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். "குமாகிட்டயே காசு கேட்டுட்டியா?" என்றான். அவள் அழத் தொடங்கினாள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று இருந்ததற்கு இப்போது இரண்டும் போயிற்று.

ஜூலை ஏழு, பில்யானா வீட்டு ஸ்லாவா. எங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு. அவருடைய நாளில் கதவு திறந்தே இருக்கும், யாரையும் அழைப்பதில்லை, போன வருஷம் வந்தவர்கள் இந்த வருஷமும் தாமாக வருவார்கள். வராதவர் உறவை அறுத்துக்கொண்டவர். காலை முழுக்க ஒலிவெரா போகலாமா வேண்டாமா என்று தவித்தாள். போனால் கடன் வசூலிக்க வந்தவள் என்பார்கள். போகாவிட்டால் இருபது வருஷத்து உறவு அன்றோடு தீர்ந்தது. கடைசியில், பணத்தைப் பற்றி மூச்சுவிடுவதில்லை, கடை போனாலும் போகட்டும் என்று முடிவுசெய்து, ஒரு பாட்டில் ஒயினோடு மத்தியானம் கிளம்பினாள்.

வாசலில் காட்டுப்பூ வளையம் தொங்கியது. பில்யானா அவித்த கோதுமைக் கிண்ணத்தை நீட்டினாள், முகத்தை நிமிர்த்தவில்லை. ஒலிவெரா சிலுவைக்குறி போட்டு ஒரு கரண்டி எடுத்துக்கொண்டாள். மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். விரத காலம் என்பதால் இறைச்சி இல்லை, பொரித்த மீனும் மண்சட்டியில் சுட்ட அவரை விதையும். யத்ராங்காவும் வந்திருந்தாள், துருக்கி ஹோட்டலின் நீச்சல்குளத்தைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பில்யானாவின் கணவன் நெபோய்ஷா எல்லாருக்கும் ராக்கியா என்ற பழச்சாராயத்தை ஊற்றினான். அவனுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்ததை ஒலிவெரா அப்போதுதான் கவனித்தாள்.

பக்கத்து வீட்டுத் தபால்காரர் திஹோமிர் பேச்சுவாக்கில், "நீங்க இந்தத் தடவை எந்தக் கடலுக்கு?" என்று நெபோய்ஷாவைக் கேட்டார்.

அவன், ஆலையில் லீவு கிடைக்கவில்லை, வேலை அப்படி என்றான். பில்யானா கையிலிருந்த மீன் தட்டை மேசையில் வைத்தாள்.

"பொய்," என்றாள். "இவருக்கு ஈஸ்டர்லேருந்து வேலையே இல்ல. தினமும் காலையில சாப்பாடு கட்டிக்கிட்டு ஆத்தங்கரையில போய் உக்காந்துட்டு வரார். நாங்க யார்கிட்டயும் சொல்லல. என் குமா எங்களுக்காக ஐந்நூறு யூரோ கட்டியிருக்கா, எங்களால குடுக்க முடியல. கிரீஸ்ல அந்த ரூம் காலியாத்தான் இருக்கு. உங்கள்ல யாராவது போறீங்களா?"

ஸ்லாவா மேசையில் இப்படி யாரும் பேசியதில்லை. விருந்தாளிக்குக் குறை தெரியக்கூடாது என்று கடன் வாங்கியாவது மீன் பொரிக்கிற ஜனங்கள் நாங்கள். நெபோய்ஷா பாட்டிலை வைத்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். ஒலிவெராவுக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது.

முதலில் வாய் திறந்தவர் திஹோமிர். அங்கிருந்து கடல் தெரியுமா என்று கேட்டார். ஒலிவெராவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. பால்கனியில் எக்கி நின்றால் கொஞ்சம் தெரியும் என்றாள்.

"எக்கிக்கலாம்," என்றார் அவர். "குனியறதுதான் இப்பல்லாம் கஷ்டம்."

அவருடைய மனைவி இரண்டு வாரமாக வீடு தேடி அலுத்தவள். ஐந்நூறையும் நாளைக்கே தருகிறேன் என்றாள். பிறகு, அந்த வீட்டில் மொத்தம் எத்தனை அறை, மிச்சம் யாருடையது என்று அப்பாவியாகக் கேட்டாள். மேசையே யத்ராங்காவைத் திரும்பிப் பார்த்தது. அவள் வாயிலிருந்த மீன்முள்ளை நிதானமாக எடுத்து வைத்தாள். "குடுக்க மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்?" என்றாள்.

அடுப்படியில் ஒலிவெரா குமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் செய்தியை அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டாள். பிறகு அடக்க முடியாமல் கேட்டாள்: மூன்று மாதம், வாரம் தவறாமல் எதிரே உட்கார்ந்து காபி குடித்தாயே, என்னிடம்கூட ஏன் சொல்லவில்லை?

"சொல்லியிருந்தா நீ காசே கேட்டிருக்க மாட்ட," என்றாள் பில்யானா. "எனக்கு உன்னைத் தெரியாதா? வாயை மூடிக்கிட்டுக் கடையை விட்டுட்டிருப்ப. எப்படியாவது புரட்டிக் குடுத்துடலாம்னுதான் பார்த்தேன். குழுவை விட்டுப் போனது கோவத்துல இல்லடி. அந்த நம்பரைப் பார்க்கப் பார்க்க வெக்கமா இருந்துச்சு."

இருவரும் அங்கேயே நின்று அழுதார்கள். மீன் ஒரு பக்கம் தீய்ந்துபோயிற்று.

புதன்கிழமை திஹோமிரின் மனைவி ஐந்நூறை எண்ணி வைத்தாள். வியாழக்கிழமை யத்ராங்கா முந்நூறு அனுப்பி, மிச்சம் அடுத்த சம்பளத்தில் என்று எழுதியிருந்தாள். அவளிடமிருந்து முந்நூறு வந்ததே பெரிய அதிசயம். ஆனாலும் இருநூறு குறைந்தது, அதைப் பில்யானாவிடம் மட்டும் சொன்னாள். தேயானின் பணப்பையில் பெட்ரோலுக்கு இருந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எண்ணூறை உறையில் போட்டுக்கொண்டு, ஒரு வாரத் தவணை கெஞ்சலாம் என்று ஒலிவெரா சந்தைக்குப் போனாள். கடை வாசலில் நெபோய்ஷா நின்றிருந்தான். கையில் ஏணி, பழைய கால்சட்டை. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவன் பில்யானாவிடம் சரியாகப் பேசவில்லை என்று கேள்விப்பட்டிருந்தாள். ஒலிவெராவின் முகத்தையும் அவன் பார்க்கவில்லை, உள்ளே நின்ற கட்டடக்காரரிடம் நேராகப் போனான்.

"இந்தச் சுவரு முழுக்கப் பொரிஞ்சு கெடக்கு," என்றான். "பெயிண்டரைக் கூப்பிட்டா முந்நூறு கேப்பான். நான் அடிச்சுத் தரேன். இவங்க முன்பணத்துல இருநூறைக் கழிச்சுக்கங்க."

கட்டடக்காரர் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டியது. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, எண்ணூறை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

அவர் போனதும் ஒலிவெரா நெபோய்ஷாவிடம், அந்த இருநூறு இனி அவனுக்குத் தன் கடன் என்றாள். யத்ராங்காவின் அறை காலியாகத்தான் இருக்கிறது, ஆகஸ்டில் பிள்ளைகளோடு வந்து அதில் தங்கினால் கணக்குத் தீர்ந்துவிடும் என்றாள். அவன் ஏணியைச் சுவரில் சாத்தி, இரண்டு தடவை அசைத்துப் பார்த்தான்.

"கடலுக்குப் போறதுக்குள்ள இதை முடிச்சாகணும்," என்றான். "என்ன கலர் வேணும், சொல்லுங்க குமா."

ஒலிவெரா வெறும் சுவரைப் பார்த்தபடி நின்றாள். கண்ணாடி எங்கே, நாற்காலி எங்கே என்றெல்லாம் மார்ச்சிலிருந்து மனத்துக்குள் நூறு தடவை மாற்றி மாற்றி வைத்திருந்தாள். நிறத்தை மட்டும் நினைத்துப் பார்க்க அவளுக்கு ஒரு நாளும் தைரியம் வந்ததில்லை.