மலைக்குப் போன முப்பத்தொரு பேர்

அட்டைக்கடியின் பேச்சைக் கேட்டு மலைக்குப் போன முப்பத்தொரு பேர் பனிப்புயலில் செத்துப்போனார்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, இலங்கை நோர்வூட் கடைத்தெருவில், தான் வேலை செய்யும் கடையின் போட்டோகொப்பி மெஷின் சூடாகும்வரை காத்திருந்த நேரத்தில்தான் சர்மிளா அதைப் போனில் பார்த்தாள். அட்டைக்கடி என்பது அவள்தான். இணையத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர்.

செத்ததெல்லாம் விளையாட்டில். ‘ஏழாம் பள்ளத்தாக்கு’ என்ற அந்த கேமை இரண்டே பேர் சேர்ந்து செய்திருந்தார்கள். ஆடுகிறவர் ஆளில்லாத ஒரு பள்ளத்தாக்குக்கு வந்து, புதர் வெட்டி, கிழங்கும் கோதுமையும் போட்டு, அக்கம்பக்கத்தாரோடு பழகி, ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ள வேண்டும். பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு மலை. குளிர்காலத்தில் கோட்டும் லாந்தரும் இல்லாமல் அதில் ஏறினால் சாவுதான். அந்தப் பருவத்து விளைச்சலும் போய்விடும். கேமைத் தமிழில் கொண்டுவர ஒன்பது பேர் கூலியில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தார்கள். சென்ற வாரம் அதன் வெள்ளோட்டப் பதிப்பை நூற்று நாற்பது பேருக்கு ஆடக் கொடுத்திருந்தார்கள்.

முதல் குளிர்காலக் காலையில் பக்கத்து வீட்டுக் கிழவர் சொல்கிறார்: “சீக்கிரம் மலைக்குப் போ. இப்ப போனாத்தான் பொழுதுக்குள்ள வேலை முடியும்.” அது சர்மிளா எழுதிய வரி.

மதுரையில் ஒருவர், ஆடிக்கொண்டே நேரலையில் பேசுகிறவர், கிழவர் சொன்னபடி மலை ஏறி நான்கே நிமிடத்தில் உறைந்து விழுந்தார். “பெருசு, நீங்கதானய்யா போகச் சொன்னீங்க,” என்று அவர் கேட்ட துண்டுக் காட்சி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே எழுதியவர்களில் ஒருவர், மொழிபெயர்த்தவர் பழைய பகையைத் தீர்த்துக்கொள்கிறார் என்றார். இன்னொருவர், இந்தத் தமிழை எந்த ஊரில் பேசுகிறார்கள் என்று கேட்டிருந்தார்.

அதற்கும் கீழே, வேலை செய்கிற ஒன்பது பேருக்கு மட்டுமான இணைய அறையில், குழுத் தலைவர் எலிப்பொறியின் செய்தி. அவருடைய ஊர் கோயம்புத்தூர் பக்கம்.

“நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு கோப்பை மூடணும்னு கேமை வெளியிடுற கம்பெனி சொல்லிட்டாங்க. ரிஸ்க் எடுக்க முடியாது. அட்டைக்கடியோட 2,140 வரியையும் எடுத்துட்டு மெஷின் தமிழ் போட்டுடலாம்னு இருக்கேன். கோவிச்சுக்காதீங்க.”

இரண்டாயிரத்து நூற்று நாற்பது வரி. ஏழு மாத வேலை. கடையில் ஆள் இல்லாத நேரத்திலும், பஸ்ஸிலும், மழையில் கரண்ட் போன மாலைகளிலும் செய்தது.

தான் எழுதியதை சர்மிளா மூன்று முறை வாசித்தாள். எங்கே பிழை என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கல்லாவில் இருந்த கடைக்காரர், அவள் அண்ணன் முறையில் நானா என்று அழைக்கும் இல்ஹாமிடம் போனை நீட்டினாள்.

“இல்ஹாம் நானா, இத வாசிச்சுப் பாருங்க. என்னா வெளங்குது?”

இல்ஹாம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார். “வேலைக்குப் போகச் சொல்றான். வேற என்னா?”

“பிழை ஒன்னும் இல்லையே?”

“பிழை ஈக்கிதுதானே. கொழுந்து எத்தின கிலோ எடுக்கணும்னு சொல்லல்ல.”

அவள் குழுவிலேயே கேட்டாள். பனங்கிழங்கு என்ற பெயரில் எழுதும் பெண் பதில் போட்டாள். பருத்தித்துறையில் பிறந்து டொரன்டோவில் இருப்பவள். “பிள்ளை, இங்கிலீசில பீல்ட் எண்டுதானே கிடக்கு. நீர் ஏன் மலைக்கு அனுப்பினனீர்? நான் ரெண்டு தரம் செத்தனான்.”

சர்மிளா நிமிர்ந்தாள். கடை வாசலுக்கு எதிரே, ஆற்றுக்கு அப்பால், தேயிலை ஏறிக்கொண்டே போனது. அதன் அடியில் பச்சைப் பலகை. ‘பீல்ட் நம்பர் 5’ என்று இங்கிலீஷில் வெள்ளை எழுத்து. பாலர் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து பார்க்கிற பலகை. அதை எல்லோரும் அஞ்சாம் நம்பர் மலை என்பார்கள். அம்மா அஞ்சாம் நம்பர் மலையில் நிற்கிறாள், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஏழாம் நம்பர் மலையில் கத்துகிறார், இன்றைக்கு மலையில் கொழுந்து இல்லை. பீல்ட் என்ற சொல்லை அவள் படித்ததே அந்தப் பலகையில்தான். உலகத்தில் வேறு எவருக்கும் அது மலை இல்லை என்பது இருபத்து நான்கு வயதுவரை அவளுக்குத் தெரிய வேண்டிய தேவையே வரவில்லை.

முகம் சுட்டது. ஆனால் எது பிழை என்று தெரிந்துவிட்டால் சர்மிளாவுக்குப் பாதி பாரம் குறைந்துவிடும். கடைக்கு வரும் போன்களைப் பழுது பார்க்கும்போதும் அப்படித்தான்.

“நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் டைம் தாங்க. நானே திருத்துறேன்,” என்று எழுதினாள்.

“2,140 வரியையா?” என்று கேட்டார் எலிப்பொறி.

“தேடிப் பார்த்துட்டேன். மலை 212 இடத்துல வருது.”

“அப்ப எல்லாத்தையும் வயல்னு ஒரே தட்டுல மாத்திடுங்க. ஒரு நிமிஷ வேலை.”

“மாத்தினா பனிப்புயல் வயல்ல அடிக்கும். நெசமான மலையும் அதுக்குள்ள இருக்கு. ஒவ்வொன்னாப் பார்க்கணும்.”

“சரி. அஞ்சு மணி. அதுக்கு மேல என் கையில இல்ல.”

எலிப்பொறி கெட்டவர் இல்லை. குழு என்றிருந்தால் அதற்கும் ஒரு கண்டாக்கு வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். இதற்கு முன் அவள் இருந்தது துப்பாக்கி கேம் ஒன்றின் கூட்டத்தில். அங்கே கண்டாக்கே கிடையாது. ஒரு நாள் மைக்கைத் திறந்து “எடது பக்கத்தால சுடுங்க” என்றாள். பெண் குரல் என்று தெரிந்ததும் நான்கு பேர் எதிரியை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றோடு மைக்கை மூடினாள். ஒரு மாதம் கழித்து அந்த கேமையும் அழித்தாள். ஏழாம் பள்ளத்தாக்கில் இருந்தவர்கள் வேறு மாதிரி. என்ன விதைத்தாய், ஆடு குட்டி போட்டதா என்று கேட்பார்கள். எந்தத் தேயிலைத் தோட்டம், எந்த லயத்து வரிசை வீடு, யார் மகள் என்று யாரும் கேட்டதில்லை. இலங்கை என்றதும் யாழ்ப்பாணமா என்று ஒருவர் கேட்டபோது, அவள் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை இப்போது ஒரு சொல் போய்ச் சொல்லிவிட்டது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அம்மா காளியாயி அடுப்படியில் காலில் உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மழை நாளில் அட்டை கடித்த இடங்கள்.

“என்னாடி மூஞ்சி இப்பிடி இருக்கு?”

“என்னால முப்பத்தியொரு பேரு செத்துட்டாங்கம்மா.”

காளியாயியின் கை நின்றது. “எங்க?”

“கேம்ல.”

“அட சனியனே. நெஞ்சு அடைச்சுப்போச்சு.” மறுபடியும் உப்பைத் தேய்த்தாள். “எப்பிடிச் செத்தானுங்க?”

சர்மிளா சொன்னாள். காளியாயி முழுவதும் கேட்டாள். “மலைக்குப் போகச் சொன்னா மலைக்குப் போகாம, மலை உச்சிக்கு ஏன்டி போனானுங்க? அறிவில்லாத பயலுக.”

“அவங்க ஊர்ல வேலை செய்ற எடத்துக்கு மலைன்னு பேர் இல்லம்மா.”

“அப்ப என்னான்னு சொல்லுவாங்க?”

“அதான் தேடுறேன். வயல்னு சொல்றாங்க. ஆனா அது நெல்லு. இதுல கெழங்கு, கோதுமை எல்லாம் இருக்கு.”

“அந்த எடம் ஆருடையது? தொரையுடையதா?”

“இல்ல. ஆடுறவங்களோட சொந்த எடம். வந்த மொத நாளே குடுத்துருவாங்க.”

“எத்தன பேர்ச்சு? ஏழா, பத்தா?”

தோட்டத்துச் சனத்துக்கு வீடு கட்ட அரசாங்கம் தருவதாகச் சொல்லும் துண்டு நிலம் அவ்வளவுதான்; சர்மிளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பேர்ச்சு இல்லம்மா. பள்ளத்தாக்குல பாதி.”

“உறுதிப் பத்திரத்தோடயா?”

“உறுதியோட.”

“அப்ப அது நெலம்,” என்றாள் காளியாயி, சந்தேகமே இல்லாமல். “நாங்க போறது மலைக்கு. நெலத்துக்குப் போறேன்னு இங்க எவடி சொல்லுவா? இருந்தாத்தானே சொல்ல.”

ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம். இருந்தும் இல்ஹாம் போட்டோகொப்பி மெஷினுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலும் பழைய லெப்டொப்பும் கொடுத்தார். “பெட்டரி பத்து நிமிஷம்தான் நிக்கும். வயரை இழுத்துப் போடாத. ஆள் நெருக்கினா எழும்பி வரணும்.” அவள் பகல் ஒரு மணிக்குள் ஆறு முறை எழும்பிப் போனாள்: அடையாள அட்டைப் பிரதிகள், போனுக்கு ரீலோட், சார்ஜர் வேலை செய்யவில்லை என்று சண்டை போட வந்த ஒருவர். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து, விட்ட வரியின் எண்ணைப் பார்த்துத் தொடர்ந்தாள். இந்த மலை உண்மையான மலை, விடு. இந்த மலை வேலை செய்யும் இடம், மாற்று. இந்த இடத்தில் கேமில் ஒருத்தி கேலிக்குச் சொல்கிறாள், இரண்டுமே பொருந்தும். வாக்கியத்தையே பிரித்து எழுது. வழியில் ‘தோட்டத்து ஆளுங்க’ என்று இன்னும் பதினைந்து இடம் அகப்பட்டது. அவள் நினைத்தது அங்கே குடியிருக்கும் சனத்தை. வாசிப்பவர்கள் கத்தரிக்காய் பறிக்க வந்தவர்கள் என்று நினைப்பார்கள். அவற்றையும் திருத்தினாள்.

எல்லோருக்கும் ஒரே சொல் இருக்க வேண்டும் என்பதால், மற்றவர்கள் பீல்டை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க எலிப்பொறியின் பகுதியைத் திறந்தாள். இரண்டாம் ஆண்டுக் கோடைகாலம் முழுவதும் அவருடைய பொறுப்பு. அறுபத்தோராம் வரியில் கை நின்றது.

“வெயில் ஏறுறதுக்குள்ள காட்டுக்குப் போய்க் களை எடுத்துட்டு வந்துடு.”

இங்கிலீஷில் பீல்ட். தமிழில் காடு. எழுபத்து நான்கு இடத்தில் காடு. பள்ளத்தாக்கின் மேற்கே உண்மையான காடு ஒன்று இருந்தது. அது இரண்டாம் ஆண்டுக் கோடையில்தான் திறக்கும். அதில் கரடி. வெள்ளோட்டம் ஆடுகிறவர்களில் யாரும் இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை.

நூற்று நாற்பது பேரும் இருக்கிற பொது அறையைத் திறந்தாள். மதுரைக்காரரும் அங்கேதான் இருந்தார். ‘அடுத்து எல்லோரும் கரடிக்குச் சாப்பாடு, அனுப்புபவர் எலிப்பொறி’ என்று அடித்தாள். நல்ல பகிடி. ஐந்து நிமிடத்தில் ஊரெல்லாம் சுற்றும். ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓர் எழுத்துக்கூட விடாமல் அழித்துவிட்டு, ஒன்பது பேர் அறைக்குப் போனாள்.

“எலிப்பொறி, உங்க 61ஆம் வரியைப் பாருங்க. அந்தக் காட்டுல கரடி இருக்கு.”

பதில் வருமுன் அவள் இருபது வரி முடித்தாள்.

“பாத்தேன்,” என்று வந்தது. “எங்கம்மா தினமும் காட்டுக்குப் போறேன்னுதான் சொல்லுவாங்க. மானாவாரி நிலம், சோளம் போடுவோம். இது தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லைங்க.”

“எங்க அம்மா மலைக்குப் போறேன்னு சொல்லுவாங்க,” என்று எழுதினாள் சர்மிளா. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “கொழுந்து எடுக்க. நான் யாழ்ப்பாணம் இல்ல. நோர்வூட்ல தேயிலைத் தோட்டம்.”

“எங்கட அம்மா தோட்டத்துக்குப் போறன் எண்டுவா,” என்றாள் பனங்கிழங்கு. “வெங்காயம் வைக்க. இப்ப சொல்லுங்கோ, எங்க போய்ச் சாகிறது?”

“தோட்டமும் வேணாம். எங்க ஊர்ல அது வேற,” என்றாள் சர்மிளா. “நான் நிலம்னு போட்டுக்கிட்டு வர்றேன். உன் நிலத்துக்குப் போ. அது எந்த ஊர்லயும் நிலம்தான்.”

“நிலம்,” என்று எழுதினார் எலிப்பொறி. “சரிங்க. என்னோட எழுபத்து நாலையும் நீங்களே...”

“உங்களோடத நீங்க பாருங்க. எனக்கு இன்னும் அறுபது இருக்கு. மெஷின் தமிழ் வேணாம்னு கம்பெனிக்கு இப்பவே சொல்லிருங்க.”

“சொல்லிடுறேன்.”

மூன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது. பத்து நிமிடம் என்ற பெட்டரி எட்டு நிமிடம் நின்றது. மிச்சம் இருந்தது பத்தொன்பது வரி. சர்மிளா போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் கடைவாசல் படியில் உட்கார்ந்து, உள்ளங்கை அகலத் திரையில் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். இல்ஹாம் பொருள் கேட்டு வந்தவர்களை அவளைச் சுற்றி உள்ளே அனுப்பினார். “தாண்டிப் போங்க, தாண்டிப் போங்க. அவள் நெலம் பிரிச்சுக் குடுத்துக்கிட்டு ஈக்கிறாள்.”

கிழவரின் வரியைக் கடைசிக்கு வைத்திருந்தாள். “சீக்கிரம் உன் நிலத்துக்குப் போ. இப்ப போனாத்தான் பொழுதுக்குள்ள வேலை முடியும்.” நான்கு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள்.

ஐந்து பத்துக்கு எலிப்பொறி எழுதினார். “மூடியாச்சு. உங்க 2,140ம் உள்ளே இருக்கு. பெயர்ப் பட்டியல்ல அட்டைக்கடின்னே போடட்டுங்களா?”

அட்டைக்கடி நல்ல பெயர்தான், விடவும் மனமில்லை. “சர்மிளா காளியாயி, நோர்வூட். அடைப்புக்குறிக்குள்ள அட்டைக்கடி,” என்று எழுதினாள். பிறகு, “வசந்தகாலத்துக்கு 900 வரி யாரும் எடுக்காம கிடக்கே. அது எனக்கு,” என்றாள்.

“காடு, மலை எதுவும் வராம பாத்துக்கங்க.”

“வரும். வர வேண்டிய எடத்துல வரும்.”

திங்கட்கிழமை விடிந்ததும் காளியாயி இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கூடையை மாட்டினாள்.

“போய்ட்டு வாறேன்டி.”

“எங்கம்மா?”

காளியாயி வாசலில் நின்று மகளை ஒரு பார்வை பார்த்தாள். “மலைக்குத்தான். கோட்டு, லாந்தர் எல்லாம் இருக்கு. நீ ஒன்னும் பயப்படாத.”

சர்மிளா போனைத் திறந்து, வசந்தகாலத்தின் முதல் வரியை வாசிக்கத் தொடங்கினாள்.