ஒன்பதாம் நாள் பால்

வெல்டருக்கு வயிற்றில் புண். கிருமியால் வந்ததா என்று மலத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும் என்றார் டாக்டர். "ஆனா ரெண்டு வாரத்துக்கு இந்த அசிடிட்டி மாத்திரையத் தொடக்கூடாது. தொட்டா, கிருமி இருந்தாலும் இல்லைன்னு காட்டிடும்." மாத்திரைகள் மனைவியின் தையல் மிஷின் டிராயருக்குள் போயின. சாவி அவள் இடுப்பில்.

எட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். ஒன்பதாம் நாள் சுருண்டு படுத்து அழுதான். இரும்பையே உருக்குகிற மனுஷன் அழுவதைப் பார்த்துக்கொண்டு எவள் சும்மா இருப்பாள்? கேப்சூலைத் திறந்து, உள்ளே இருந்த குருணையைப் பாலில் கலந்து கொடுத்தாள். இன்றைக்கு மட்டும்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மறுநாளும் கலந்தாள். அதற்கடுத்த நாளும்.

"பாத்தியா, மாத்திரையே இல்லாம ஆறுது! இது எஃகு உடம்புடி!" என்று வீட்டிலும் பட்டறையிலும் தம்பட்டம் அடித்தான். இனி எந்த முகத்தோடு சொல்வாள்?

சாம்பிள் டப்பாவை மூன்று பைக்குள் சுற்றி, நகை கொண்டுபோகிறவன் மாதிரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டான். "எவனாவது இத அடிச்சிட்டுப் போனா நல்லா மாட்டுவான்" என்று அவள் காதில் கிசுகிசுத்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்தது. முதுகுவலிக்கு அவன் போட்ட மாத்திரைதான் புண்ணுக்குக் காரணம் என்று டாக்டர் அதை நிறுத்தச் சொன்னார். கிருமிக்கு மருந்தே எழுதவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே அவளுக்கு நான்கு மாதம் ஓடிவிட்டது.

பட்டறையில் ரத்தமாக வாந்தி எடுத்தான். அவசர வார்டில் வேறொரு டாக்டர் பழைய ரிசல்ட்டைப் புரட்டினார்.

"அப்ப மாத்திரைய நிறுத்தியிருந்தீங்கல்ல?"

"ஒண்ணுகூடத் தொடல டாக்டர்." உதடு வெளுத்திருந்தும் குரலில் பெருமை. "இவதான் எனக்குக் காவல்."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளத் தொடங்கினார்கள். அவள் பின்னாலேயே ஓடினாள். "நான்தான் பால்ல கலந்து குடுத்தேன்! ஒன்பதாம் நாள்லேருந்து!"

டாக்டர் நின்றார். "இத அப்பவே சொல்லியிருந்தா, மறுபடி சோதிச்சு, கிருமிக்கு ரெண்டு வாரம் மருந்து குடுத்திருப்பாங்களேம்மா."

ஸ்ட்ரெச்சர் கதவைத் தாண்டிவிட்டது. சாயங்காலம், காப்பாற்ற முடியவில்லை என்று சொல்லி, அவன் சட்டையை ஒரு பையில் போட்டு அவள் கையில் கொடுத்தார்கள். அவள் கத்தியது அவன் காதில் விழுந்ததா என்று வந்தவர் போனவரையெல்லாம் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.