அடுக்கில் இரண்டாம் ஆள்

பஸ்ஸுக்கு நிற்கிற வரிசை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு முன் சிப்பாய்கள் சுவரை ஒட்டி, முன்னால் இருப்பவன் பிடரியில் மூச்சுப் படும்படி நிற்பார்களே, அந்த வரிசைக்கு அவர்கள் பட்டாளத்தில் 'அடுக்கு' என்று பெயர். முதல் ஆள் 'முனை'. கடைசி ஆள் 'வால்'. நடுவில் நிற்கிறவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது, பாவம்.

அன்று முனையாக நின்றவன் மாப்பிள்ளை. எல்லோருமே அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் இரண்டாவதாக நின்ற ரேடியோக்காரனுக்கு அவன் நிஜமாகவே மாப்பிள்ளை, தங்கையைக் கட்டியவன். தங்கைக்கு இப்போது ஏழாம் மாதம். கிளம்பும்போது அவள் அழவில்லை. "அண்ணா, அவரு எதுக்கும் முந்திக்கிட்டு நிப்பாரு. நீ கூடவே இரு" என்று மட்டும் சொன்னாள். இவனும் பெரிய சூரன் மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தான்.

இப்போது அந்தச் சூரன் தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டப்பகலில் தெருவில் ஈ காக்கா இல்லை. கொடியில் காயப்போட்ட துணிகளை எடுக்கக்கூட நேரமில்லாமல் ஓடியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தோளில் வைத்திருந்த இவனுடைய கை வியர்த்து வழிந்தது.

யாரும் வாய் திறக்கக் கூடாது. வாலில் நிற்கும் சார்ஜென்ட் தனக்கு முன்னால் இருப்பவன் தோளை அழுத்துவார், அவன் அடுத்தவன் தோளை. அந்த அழுத்தம் வந்து சேர்ந்ததும் முனை உள்ளே பாய்ந்து வலது பக்கம் திரும்புவான். இரண்டாம் ஆள் அவன் குதிகாலை மிதிக்காத குறையாக நுழைந்து இடது பக்கம் திரும்ப வேண்டும். சில வீடுகளுக்கு முதலில் ஜன்னல் வழியாகக் கையெறிகுண்டு போகும், சிலவற்றுக்குப் போகாது. அது சார்ஜென்ட்டின் முடிவு. முனைக்கு அது தெரியாது, அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தோள்தான்.

உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. அவ்வளவுதான். படுபாவி விரல்கள் இவனைக் கேட்காமலே மாப்பிள்ளையின் தோளில் இறுகிக்கொண்டன.

ஒருக்களித்திருந்த கதவு வழியாக மாப்பிள்ளை சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டான்.

போ, நீயும் போ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கால் நகர்ந்தால்தானே. செத்தேன் என்று திரும்பிப் பார்த்தான். சார்ஜென்ட் குண்டின் பின் ஊசியை உருவிவிட்டு ஜன்னல் பக்கம் கையை ஓங்கியிருந்தார்.

"போடாதீங்க சார்! அவன் உள்ள இருக்கான்!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிடியைத் தளர்த்தினால் வெடித்துவிடும். சார்ஜென்ட் குண்டை இறுக்கிப் பிடித்தபடியே தெருவைக் கடந்து ஓடி, வறண்டு கிடந்த சாக்கடைக்குள் எறிந்துவிட்டுக் குப்புற விழுந்தார். வெடித்த சத்தத்தில் காது அடைத்துப்போயிற்று. வீட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தை வீறிட்டது.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வெளியே வந்தான். இடுப்பில் குழந்தை, பின்னால் அதன் தாய்.

"எவன்டா அழுத்தினது?" என்றார் சார்ஜென்ட்.

"நான்தான் சார். பயத்துல…" என்றான் ரேடியோக்காரன். சார்ஜென்ட் காது கூசுகிற மாதிரித் திட்டினார். அது இவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

மாப்பிள்ளை குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு அருகில் வந்தான். "அழுத்தினதை விடுங்க மச்சான். பயம் யாருக்குத்தான் இல்ல."

"மன்னிச்சிடு மாப்பிள்ள."

"உள்ள போனதும் நான் வலது பக்கம் திரும்பிட்டேன். இடது பக்கம் பாக்கவே இல்ல. நீங்க வந்துட்டீங்கன்னு நெனச்சு முதுகைக் காட்டிட்டு நின்னேன். அந்தப் பொம்பள அங்கதான் உக்காந்திருந்துச்சு. துப்பாக்கியோட எவனாவது இருந்திருந்தா?"

மாப்பிள்ளை கோபப்பட்டு ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

சார்ஜென்ட் அடுத்த வீட்டைக் காட்டினார். மாப்பிள்ளை போய்ச் சுவரோடு ஒட்டி முனையாக நின்றான். ரேடியோக்காரன் பின்னால் போய் நின்று, தோளில் வைக்கக் கையைத் தூக்கினான்.

மாப்பிள்ளை திரும்பி, இவனைத் தாண்டி மூன்றாவது ஆளைப் பார்த்தான். "நீ வந்து என் பின்னால நில்லு" என்றான்.