கமா நின்ற இடம்

சட்டப் பிரிவிலிருந்து வந்த கடிதம் நாலே வரிதான். பேருந்து நிறுவனத்தின் திட்டப் பிரிவு பதினேழு வருஷமாகப் பயன்படுத்திவரும் பயணிகள் கணக்கெடுப்பு மென்பொருளை எந்த ஊர் நிறுவனமும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும்படி இணையத்தில் பொதுவில் வைக்கலாம், ஆட்சேபம் இல்லை. ஆனால், அதை எழுதியவர்கள் அனைவரின் கையெழுத்தோடு சம்மதக் கடிதம் இணைக்க வேண்டும்.

அனைவரும் என்றால் இரண்டே பேர். ஒருத்தி, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற திட்டப் பிரிவுத் தலைவி. பழைய ஆட்களுக்கு அவள் இன்றைக்கும் 'இஸ்திரி'தான். இன்னொருத்தி கமா. கமாவோடு பேசிப் பதினாறு வருஷம் ஆகிறது.

அந்தப் பெயர்கள் வந்த கதையே தனி. மூன்றாம் மாடியின் கடைசி அறை, பயணிகள் பேருந்தில் விட்டுப் போகும் பொருள்களைப் போட்டுவைக்கும் அறையாக இருந்தது. குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு தடவை முழு வயலின் ஒன்று. குடைகளை ஓர் ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் இரண்டு பேரும் உட்கார இடம் பண்ணிக்கொண்டார்கள். வேறு பிரிவுகள் கழித்துப்போட்ட இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றுக்கு மூடி கிடையாது. உள்ளே மின்விசிறி சுற்றுவது தெரியும். மென்பொருள் வாங்க அனுமதி கேட்டபோது அதிகாரி சிரித்தார். "இலவசமா ஏதாவது கிடைச்சா போடுங்க" என்றார். அவர் கேலியாகச் சொன்னதை இவர்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் ஒன்றை இறக்க ஒரு முழுப் பகல் ஆயிற்று. அதன் கையேட்டைப் பழைய டிக்கெட் படிவங்களின் பின்பக்கத்தில் அச்சடித்து, சணல் கயிற்றால் கட்டி வைத்துக்கொண்டார்கள். ஒரு சந்தேகத்தை உலகத்தின் ஏதோ மூலையிலிருக்கும் குழுவுக்கு எழுதிப் போட்டார்கள். மறுநாள் முகம் தெரியாத யாரோ மூன்று வரியில் பதில் எழுதி, முடிவில் 'நல்ல கேள்வி' என்றும் சேர்த்திருந்தார். அந்தப் பதிலைச் சுவரில் ஒட்டிவிட்டு, இரண்டு பேரும் குடைக் குவியலுக்கு நடுவில் ஆடாத குறைதான்.

எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று நடத்துநர்கள் சீட்டில் குறித்துக் கொடுப்பார்கள். அதை டேட்டாபேஸில் ஏற்றி, எஸ்கியூஎல் என்ற கணினி மொழியில் கேள்வி எழுதி, வரைபடமாகத் திரையில் கொண்டுவருவதுதான் வேலை. கேள்வி எழுதுவதில் கமா கெட்டிக்காரி. எழுதியதோடு விடமாட்டாள். பதிலில் வந்த எண் சரியா என்று தானே பேருந்தில் ஏறிப்போய், ஜன்னலோரம் உட்கார்ந்து தலைகளை எண்ணிவிட்டு வருவாள்.

அவளிடம் ஒரு பழக்கம். கேள்வியில் அட்டவணைப் பத்திகளின் பெயர்களை வரிசையாக எழுதும்போது, உலகமே கமாவை வரியின் கடைசியில் போடும். அவளோ அடுத்த வரியின் தொடக்கத்தில் போடுவாள்.

"என்னடி இது, கமாவெல்லாம் வாசல்ல வந்து நிக்குது?"

"வாசல்ல நின்னாத்தான் யார் வரலைன்னு தெரியும். கடைசில நிக்க வெச்சா எவன் போனான், எவன் வந்தான்னு யாருக்குத் தெரியும்?"

"பார்க்க நல்லாவே இல்லை."

"பொண்ணு பார்க்கவா வந்திருக்கே?"

இஸ்திரிக்கோ எதுவும் நேர்க்கோட்டில் இருந்தாக வேண்டும். தினமும் கிளம்பும் முன் இரண்டு பேருடைய கோப்புகளையும் திறந்து, வரிகளை ஒழுங்குபடுத்தி, தேதி போட்டு ஒரு நகல் எடுத்துவைப்பாள். "வந்துட்டா, இஸ்திரி போட!" என்பாள் கமா. இவள் கமாவுக்கு வைத்த பெயரும் கமா இவளுக்கு வைத்த பெயரும் ஒரே வாரத்தில் அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டன.

கடைசியில் கமாதான் விட்டுக்கொடுத்தாள். "சரி தாயே, உன் இஷ்டப்படியே கமா கடைசில நிக்கட்டும், எனக்கு நிம்மதி வேணும்" என்று சொல்லி, தன் கோப்புகளைத் தானே மாற்றத் தொடங்கினாள். அந்த வாரம்தான் அது நடந்தது.

காலை நேரத்தில் குறைவான பேர் இறங்கும் நிறுத்தங்களின் பட்டியல் கேட்டார் அதிகாரி. கமாவின் கேள்வியிலிருந்து பட்டியல் போயிற்று. அதில் இருந்த ஒன்பது நிறுத்தங்களில் பேருந்து நிற்பதை நிறுத்தினார்கள். ஒன்பதில் ஒன்று, பெரிய மருத்துவமனையின் வாசல். காலையில் அங்கே சாரிசாரியாக இறங்குவார்கள். ஏறுகிறவர்கள்தான் விரல்விட்டு எண்ணும்படி இருப்பார்கள். ஏழு வாரம் நோயாளிகள் அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்தார்கள். கையில் ஊசிக் குழாய் செருகிய பெண் ஒருத்தி நடைபாதையில் உட்கார்ந்திருந்த படம் பத்திரிகையில் வந்த பிறகுதான் கேள்வியைத் திறந்து பார்த்தார்கள்.

ஏறினவர் என்ற பத்திக்குப் பக்கத்தில், இரண்டு கோடுகள் போட்டு ஒரு குறிப்பு எழுதியிருந்தது. அந்தக் கோடுகளுக்குப் பின்னால் எழுதும் எதையும் இயந்திரம் படிக்காது. கமா அந்தக் குறிப்புக்கும் பின்னால் போய் நின்றிருந்தது. அதனால் இயந்திரத்தின் கண்ணுக்குக் கமாவே இல்லை. ஏறினவர், இறங்கினவர் என்ற இரண்டு பத்திகளை அது ஒன்றாக்கி, ஏறினவர்களின் எண்ணிக்கைக்கு 'இறங்கினவர்' என்று பெயர் சூட்டிக் கொடுத்துவிட்டது. பிழை என்று ஒரு முனகல்கூட இல்லை.

"யார் எழுதினது?" என்றார் அதிகாரி.

கோப்பின் தலையில் கமாவின் பெயர் இருந்தது. கமா இவளைப் பார்த்தாள். "நான் மாத்தினதா, நீ மாத்தினதா? எனக்கு ஞாபகம் இல்லையே..."

இவளுக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "எழுதினது நீதானே. நான் வெறும் இஸ்திரிதானே போடறேன்."

அவ்வளவுதான். கமாவைப் பணிமனைக்கு மாற்றினார்கள். நாலு மாதத்தில் வேலையையே விட்டுவிட்டாள்.

*

சட்டப் பிரிவின் கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இஸ்திரி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, தேதி போட்ட பழைய நகல்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினாள். பொதுவில் வைக்கும் மென்பொருளோடு, எந்த வரியை யார், என்றைக்கு மாற்றினார் என்ற வரலாறும் போகும். அடுத்தடுத்த இரண்டு நகல்களைக் கொடுத்தால் மாறிய வரியை மட்டும் கணினியே நிறம் போட்டுக் காட்டிவிடும்.

பதினாறு வருஷத்துக்கு முந்தைய அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கமா சேமித்த கோப்பில் கமாக்கள் இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தன. எல்லாம் சரி. அன்றைக்கே மாலை ஐந்து முப்பத்தைந்து: இஸ்திரியின் நகல். எல்லாம் கடைசிக்குப் போயிருந்தன. ஒன்று மட்டும் குறிப்பைத் தாண்டிப்போய் நின்றது. பச்சை நிறத்தில் மின்னியது.

இஸ்திரி போட்ட கைதான் சுட்டிருக்கிறது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?" என்றார் கணவர். சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். "இத்தனூண்டு புள்ளியும் வாலுமா? இதுக்கா பதினாறு வருஷம்?"

"வரலாறு இல்லாம இன்னைக்கு இருக்கிறதை மட்டும் போடலாம். சட்டப் பிரிவு ஒண்ணும் கேட்காது. அவகிட்ட கையெழுத்து மட்டும் வாங்கினா போதும்."

"போதும்னா இந்நேரம் மடிக்கணினியை மூடியிருப்பியே."

அவள் மூடவில்லை.

*

கமா இப்போது வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். தெருவோரத்தில் ஒரே அறை. சுவரில் சாலைக் குறிகளின் படங்கள், வாசலில் இரண்டு பக்கமும் பிரேக் வைத்த சின்னக் கார். தலைமுடி பாதி நரைத்திருந்தது. உள்ளே நுழைந்தவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்க மேடம். உட்காருங்க."

மேடம்! பணிமனைக்கு மாற்றியபோதுகூட இவ்வளவு வலித்திருக்காது அவளுக்கு என்று இவளுக்குத் தோன்றியது. சம்மதக் கடிதத்தை மேசையில் வைத்தாள். கமா ஒரே பார்வையில் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"இருங்க. கையெழுத்துக்கு முன்னாடி இதைப் பாருங்க" என்று இஸ்திரி மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள். விரலால் காட்டினாள். "இது நீ மத்தியானம் சேமிச்சது. இது நான் சாயங்காலம்..."

கமா திரைக்கு அருகில் குனிந்தாள். இரண்டு நகல்களையும் மேலும் கீழும் உருட்டினாள். தேதியைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். வெளியே ஒரு மாணவி காரில் ஏறி உட்கார்ந்து இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"நான் இல்லையா?" என்றாள் கமா, மெதுவாக.

"நீ இல்லை."

"நிச்சயமா?"

"நிச்சயமா. நான்தான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். கமா நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு படம் இருக்கே, ஊசிக் குழாயோட... அதை வெட்டி வெச்சிருந்தேன். என்னால நடந்துதுன்னு. அப்புறம் ரெண்டு இடத்துல இதே வேலைக்குக் கூப்பிட்டாங்க. போய் உட்கார்ந்தா கை ஓடலை. ஒரு வரி எழுதினா பத்துத் தடவை பார்ப்பேன். பார்த்தும் நம்பிக்கை வராது. என் கண்ணையே நான் நம்பலை. அதான் இங்கே வந்துட்டேன். இங்கே தப்புப் பண்ணினா உடனே சத்தம் கேட்கும். வண்டி எதுலயாவது இடிக்கும்."

"மன்னிச்சிடு."

"அன்னைக்கு 'ஞாபகம் இல்லை'ன்னு நீயும் சொல்லியிருக்கலாமேடி. அது போதுமே எனக்கு."

அந்த 'டி' இஸ்திரியின் காதில் விழுந்து கண்ணை நிறைத்தது.

"அழாதே. பசங்க பார்த்தா நான் யாரையோ பரீட்சைல ஃபெயில் பண்ணிட்டேன்னு நினைப்பாங்க." கமா பேனாவின் மூடியைத் திறந்தாள்; மறுபடி மூடினாள். "ஒரு நிபந்தனை. வரலாறு முழுசாப் போகணும். இந்தச் செவ்வாய்க்கிழமையும் சேர்த்து. யார் வேணும்னாலும் பார்க்கட்டும்."

"உன் பேரும் என் பேரும் அப்படியே இருக்கும். ஒரு வரிகூட மாத்தமாட்டேன்."

"நீயா? மாத்தாம இருப்பியா?" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டாள். தேதியையும் போட்டாள்.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாகிவிட்டது. மடிக்கணினியை மூடப் போன கையைக் கமா தடுத்தாள்.

"இப்ப ஓடுதே, அதைக் காட்டு. அந்த வாராந்திரப் பட்டியல் இன்னும் வருதா?"

"வருது. ஆனா இப்ப நாலு நிமிஷம் எடுக்குது. தடம் அதிகமாயிடுச்சில்ல."

"நாலு நிமிஷமா! என்னத்தைப் பண்ணி வெச்சிருக்கே?" கமா தன் நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கேள்வியைத் திறந்து உதட்டசைத்துப் படித்துக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் நின்றாள். "எல்லா நாள் சீட்டையும் கூட்டிட்டு அப்புறமா வாரத்தைப் பிரிக்கிறே. முதல்லயே வாரத்தைப் பிரிச்சா என்ன?" கை விசைப்பலகைக்கு மேல் ஒரு கணம் தயங்கியது. பிறகு இறங்கியது. ஒரு வரியை வெட்டி மேலே ஒட்டினாள். கேள்வியை ஓட்டிப் பார்த்தாள்.

பன்னிரண்டு விநாடி.

பழைய பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, எண்ணுக்கு எண் ஒரே ஒரு தடவை பார்த்தாள். "சரியா இருக்கு" என்றாள். இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

வாசலில் ஹாரன் அடித்தது. பொறுமையிழந்த மாணவி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "மேடம், கிளம்பலாமா?"

"வண்டியை அணைச்சிட்டு உள்ளே வந்து உட்காரும்மா" என்றாள் கமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "கொஞ்சம் நேரமாகும்."